தங்கள் தங்கை மீது எனக்குள்ள சந்தேகங்கள்

நீலசந்திரா, பெங்களூர்
18-8-1998, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் எத்திராஜ் அவர்களுக்கு, கோவிந்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை சரசுவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த வார்த்தையின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் அதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். தங்கள் நலத்தையும், அக்காவின் முழங்கால் வலி இறங்கியதா என்பதையும் அறிய ஆவல். ஜோலார்பேட்டையில் மழை உண்டா? இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறது. அதுவும் நான் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நாளாகப் பார்த்து வருகிறது.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்காரன் கண்ணாடிக் கதவை வேண்டுமென்றே முழுசாகச் சாத்த முடியாதபடி வைத்திருக்கிறான். போன வாரம் அக்காவின் முழங்காலுக்கு எண்ணெய் பெயர் சொன்னேன் அல்லவா, மறுநாள் அவன் என்னிடமே 'ஊர்ல கால் வலி பரவால்லியா சார்' என்று விசாரித்தான். நான் எழுதப் போகும் விஷயம் முழங்காலை விடப் பெரியது.

என்னைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். முப்பத்தொரு வருஷம் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவன். வெளியே நிற்பவன் இரண்டு டிரில் பிட் கேட்டால் ஒன்று போதும் என்று அர்த்தம். ஒன்று கேட்டால், பழையதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான் என்று அர்த்தம். ஒரு திருகாணி தவறினாலும் எந்த ஷிப்டில் தவறியது என்று சொல்லிவிடுவேன். வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பும்போது நாற்காலியைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், புத்தியை வாங்கவில்லை. அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் இருப்பதோ உங்கள் தங்கை ஒருத்திதான்.

விஷயம் போன மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. எங்கள் முன் போர்ஷனில் குடியிருக்கும் டோரீன் அம்மாள், ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்களுடைய சர்ச் ஹாலில் இலவசப் பல் முகாம் என்று எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். எனக்குக் கடைவாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, அதைக் காட்டத்தான் போனேன். பார்த்தவர் சௌம்யா என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா. மதுரைப் பக்கம், பெங்களூருக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறதாம். என்ன பழக்கம் உண்டு என்று கேட்டார். நான் மறைக்காமல் 'கட்டிப்புடி டாக்டர்' என்றேன். அந்தப் பெண் நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளிக்கொண்டது. பக்கத்தில் இருந்த நர்சம்மா ஓடிவந்து, கன்னடத்தில் அது புகையிலைக் குச்சித் தூளுக்குப் பெயர், வெற்றிலை சுண்ணாம்போடு போடுவார்கள், வேறு அர்த்தம் இல்லை என்று சொல்லும்வரை என் மானம் என்னிடம் இல்லை. இருபத்தாறு வருஷமாகச் சட்டைப் பையில் எவர்சில்வர் டப்பாவில் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பிறகு விளக்கமாகச் சொன்னேன்.

டார்ச் அடித்துப் பார்த்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். டாக்டர்கள் பேசும்போது எனக்குப் பயம் வராது மச்சான், நிறுத்தும்போதுதான் வரும். இடது கன்னத்தின் உள்பக்கம் நாலணா அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறதாம். 'இது என்னன்னு பார்த்த உடனே சொல்ல முடியாது சார். கெட்டதா இல்லாமலும் இருக்கலாம். இன்னிக்கே விட்டுடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. மறையலேன்னா கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்' என்றார். சரசு என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் தோளைப் பிடித்திருந்த கை ஜில்லென்று ஆனது தெரிந்தது.

அடுத்து டாக்டரம்மா அவளையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். இலவசமாகக் கொடுத்தால் போன வருஷத்துக் காலண்டரைக்கூட விடாதவள் உங்கள் தங்கை. அவள், 'எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டரம்மா எழுந்து அவள் பின்னாலேயே போனார். வாசலில் இரண்டு நிமிஷம் ஏதோ பேசினார்கள். நான் ஆடிய பல்லுக்கு வைத்த பஞ்சோடு உட்கார்ந்திருந்ததால் போய்க் கேட்க முடியவில்லை. மச்சான், அந்த இரண்டு நிமிஷம்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சரசு என் சட்டைப் பையில் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். பெரிய சாக்கடையில் எறிந்தாள். வீட்டில் ஷெல்ஃபில் இருந்த பொட்டலமும் அதே வழியில் போனது. தானும் அன்றிலிருந்து வெற்றிலை போடுவதில்லை என்றாள். அவள் போடுவது சாப்பாட்டுக்குப் பின் ஒரு தாம்பூலம், அதை ஏன் விட வேண்டும்? எனக்காகத்தான் என்று டோரீன் அம்மாள் புகழ்ந்தார். முப்பது வருஷத்தில் எனக்காக ஒரு சீரியலைக்கூட விடாதவள் வெற்றிலையை விட்டாள் என்றால் சந்தேகம் வருமா வராதா, தாங்களே சொல்லுங்கள்.

முதல் மூன்று நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் தாளில் கண்ணீர்தான் இருக்கும். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது, யாரோ பிக்பாக்கெட் அடித்துவிட்டான் என்று மனசு திடுக்கிடும், பிறகுதான் ஞாபகம் வரும். இது மணிக்குப் பத்துத் தடவை. தலை கனம், வாயெல்லாம் எச்சில். காலைக்கடனோ, டப்பா இல்லாமல் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். நான் உள்ளே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க, வெளியே டோரீன் அம்மாள் பக்கெட்டோடு நின்று தொண்டையைச் செருமுவார். டாக்டரம்மா கொடுத்த நோட்டீசில், ஆசை என்பது அலை மாதிரி வரும், ஐந்து நிமிஷம் பொறுத்தால் போய்விடும், அதுவரை தண்ணீர் குடி, கிராம்பு மெல்லு, எழுந்து நட என்று போட்டிருந்தது. பெங்களூர்க்காரனுக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்? கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவே இல்லை. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று கழற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அவன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கடிகாரம் சரியாக இருக்கிறது, உங்களுக்குத்தான் ஏதோ வேகமாக ஓடுகிறது என்றான். ஆனால் ஒன்று, போக வர நடந்ததில் அந்த ஆசை மட்டும் போய்விட்டிருந்தது. நோட்டீஸ் சொன்னது சரியாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலாம் நாள் சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நிலைமையில் இருப்பவன் சத்தம் போடுவான் என்று நோட்டீசிலேயே இருக்கிறது. வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்ளும் உங்கள் தங்கை, கரண்டியைத் தட்டில் போட்டு, 'நாளையிலேர்ந்து நீங்களே ஆக்குங்க, நான் உக்காந்து சாப்பிட்டுக் குத்தம் சொல்றேன்' என்றாள். அன்று மட்டும் இல்லை. பாலைப் பொங்கவிட்டாள், அரிசியை இரண்டு தடவை களைந்தாள், ஒரு மணி நேரத்தில் மூன்று தரம் காப்பி போட்டு மூன்றையும் அவளே குடித்தாள். விட்டது நான், பைத்தியம் பிடித்தது அவளுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

பிறகு கிராம்பு. எனக்கென்று ஒரு டின்னில் கிராம்பும் சோம்பும் வாங்கி வைத்தேன். நான் எடுப்பது கொஞ்சம், குறைவது நிறைய. பின் போர்ஷன் வனஜா உப்பு புளி என்று வந்து போகிறவள், அவள்மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஸ்டோர்ஸில் செய்ததுபோல் டின் மூடியின் உள்பக்கம் மஞ்சள் தூளைத் தடவி வைத்தேன். சாயங்காலம் வனஜாவின் விரல் மஞ்சளாக இருந்தது. டோரீன் அம்மாளின் விரலும் மஞ்சள். சரசுவின் விரல் முப்பது வருஷமாக மஞ்சள். சமையல் செய்யும் மூன்று பெண்களைப் பிடிக்க மஞ்சள் தூள் வைத்த என்னைப் பார்த்து ஸ்டோர்ஸில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் மறுநாள் சரசு முந்தானையை உதறும்போது நாலு கிராம்பு கீழே விழுந்தது. கேட்டதற்குப் பல் வலி என்றாள். பல் நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னவள் இதே பெண்தான்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து மத்தியானம் இரண்டு மணி ஆனால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் தலையணை இல்லாமல் அவளைப் பார்த்ததே கிடையாது. எங்கே என்றால், சும்மா என்பாள். ஒரு நாள் இருபதடி விட்டுப் பின்தொடர்ந்தேன். மார்க்கெட் பக்கம் போனாள், ஒன்றும் வாங்கவில்லை. மசூதித் தெருவைச் சுற்றினாள், திரும்பவும் அதே தெருவைச் சுற்றினாள். நடை நடையாக நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. இதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகமானது. காரியமாகப் போகிறவளைப் பிடித்துவிடலாம், காரியமே இல்லாமல் போகிறவளை எப்படிப் பிடிப்பது?

ஒன்பதாம் நாள் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று காலையிலிருந்தே எனக்கு முடியவில்லை. தண்ணீர் குடித்தேன், கிராம்பு மென்றேன், தெருவை அளந்தேன், அலை வந்தது, போகவில்லை. நான் செத்தாலும் பரவாயில்லை, ஒரு சிட்டிகை போதும் என்ற நிலைமைக்கு வந்து, தெருமுனையில் உமேஷ் பெட்டிக்கடைக்குப் போனேன். அவன் கன்னடக்காரன், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். 'பேடா சார், அம்மா பைதாரெ' என்றான், வேண்டாம், அம்மா திட்டுவாங்க என்று. நான் முறைத்தேன். உடனே அவன் குரலைத் தாழ்த்தி, 'இது யாருக்கு சார்?' என்று ஒரு கேள்வி கேட்டான். எனக்குத்தான், வேறு யாருக்கு என்று கத்தினேன். அவன் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தான். பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் கட்டை விரலால் கசக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தத் திருப்பத்தில் சரசு வேகமாக நடந்து வந்தாள். கையை மூடிக்கொண்டேன். அவள் நேராக வந்து தன் கையை நீட்டினாள். நான் என்ன செய்வேன், கொட்டிவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். அப்புறம் திடீரென்று திரும்பி ஓட்டமும் நடையுமாகச் சாக்கடைப் பக்கம் போனாள், நான் பின்னாலேயே போனேன். அங்கே போய்க் கையை மூடியபடி நிற்கிறாள். எறியவில்லை. ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், நகரவில்லை. 'போடு சரசு' என்று நானே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, அந்தத் தூளை என் உள்ளங்கையில் கொட்டி, 'நீங்களே போடுங்க. என் கையால ஆவல' என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மச்சான், எனக்கு அந்த நிமிஷம் என்ன ஆனதோ தெரியாது, அப்படியே சாக்கடையில் உதறினேன். கையைக் குழாயில் கழுவினேன். அவளும் கழுவினாள். இருவரும் வீட்டுக்கு வந்தோம். அன்றோடு எனக்கு அந்தப் பேய் பாதி இறங்கிவிட்டது. இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள், ஒரு தூசி வாயில் படவில்லை, இது சத்தியம். இப்போதெல்லாம் ஆசை நாளுக்கு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

எனக்கு ஆசை குறையக் குறைய யோசனை அதிகமாகிவிட்டது. அவள் ஏன் அழுதாள்? டோரீன் அம்மாளும் அவளும் துணி துவைக்கும் கல்லருகே ரகசியம் பேசுகிறார்கள், நான் போனால் சோப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சரசு டோரீன் அம்மாளோடு சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள் என்றால், உள்ளூர் சாமியால் ஆகாத காரியம் என்றுதானே அர்த்தம்? டோரீன் அம்மாள் என்னைப் பார்த்து, 'உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன் பிரதர்' என்றார். திட்டு எனக்கு, ஜெபம் ஏன் இருவருக்கு? யோசித்துப் பார்த்தேன். ஒருவன் போனால் ஜெபம் தேவைப்படுவது இருக்கிறவளுக்குத்தான்.

இதெல்லாவற்றையும் விட, ஒரு வாரமாக அவள் சாந்தமாகிவிட்டாள். சத்தம் இல்லை, கரண்டி பறப்பதில்லை. நேற்று மீன் குழம்பில் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். முப்பது வருஷமாக எனக்கு வால்தான் மச்சான். நடுத்துண்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு வாசலில் இரண்டு நிமிஷம் பேசினாரே டாக்டரம்மா, என்னிடம் சொல்லாத ஏதோ ஒன்றை இவளிடம் சொல்லியிருக்கிறார். என் கணக்கு முடிகிறது என்று இவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தூங்காமல், பாலைப் பொங்கவிட்டு, தெருத்தெருவாக நடந்து, சாக்கடை ஓரத்தில் நின்று அழுதிருக்கிறாள். இப்போது தேற்றிக்கொண்டுவிட்டாள்.

அதனால் தாங்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அடுத்த வாரம் வியாழன் 27ந் தேதி டாக்டரம்மாவிடம் திரும்பப் போகிறோம். அதற்கு முதல் நாளே தாங்கள் புறப்பட்டு வந்து, இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாமல், தங்கைதானே என்று தனியாக அழைத்து உண்மையைக் கேளுங்கள். அவள் சொன்னதைக் கூட்டிக் குறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் நான் மறுபடி டப்பாவைத் தேடிப் போய்விடுவேன் என்று அவள் பயப்படலாம். போக மாட்டேன் என்று சொல்லுங்கள். போவதாக இருந்தாலும் சுத்தமான வாயோடு போகிறேன். அவளுக்குச் சில வேலைகள் சொல்லிக்கொடுக்க வேண்டும், தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. எனக்குப் பிறகு அவள் இந்த போர்ஷனில் தனியாக இருக்கக் கூடாது.

கோந்து தீர்ந்துவிட்டது. உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தபால் பெட்டியில் போடும்படி சரசுவிடமே கொடுக்கப் போகிறேன், அக்காவின் எண்ணெய் விஷயம் என்று சொல்லி. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் புத்தி அவளுக்குக் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவளைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தாங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருந்து, வெறும் வாயோடு சிரிக்க வேண்டும் என்று அம்மனை வேண்டும்,

தங்கள் அன்புள்ள,
கோவிந்தன்

பின்குறிப்பு: அண்ணா, இது சரசு எழுதறது. உனக்கு ரெண்டு வரி எழுத இடம் இருக்கா என்று பார்க்கத்தான் பிரித்தேன். பார்த்தால் முழுக்க நான்தான் இருக்கேன்.

டாக்டரம்மா அவரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் தனியாகச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி. 'அம்மா, நீங்களும் போடறீங்களா?' இல்லை என்று சொன்னேன். பொய் அண்ணா. பத்தொன்பது வருஷமாக அதே தூளைப் போடறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு, வெற்றிலைக்குள்ளே வைத்து மடித்து. அவர் ரிடையர் ஆனதிலிருந்து, அவர் குளிக்கப் போகும் நேரத்தில். பாதி அவர் பொட்டலத்தில் எடுத்தது, பாதி அவருக்கு என்று சொல்லி உமேஷ் கடையில் வாங்கினது. ஃபாக்டரியில் ஒரு திருகாணி போனால் கண்டுபிடிக்கிறவர் வீட்டில் ஒரு நாளும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் விட்ட அன்றைக்கே நானும் விட்டேன். எனக்கும் இன்றைக்கு இருபத்து மூணாம் நாள். டோரீன் அக்காவுக்கு மட்டும் தெரியும். உன் மச்சானுக்குக் கோபம் வந்தால், பாவம், பழக்கத்தை விட்டிருக்கார் என்று தெருவே பார்த்து நடக்கிறது. எனக்கு வந்தால் சாம்பாரில் உப்பு அதிகம். மோட்டார் போடத் தெரியாதாம். அவர் ஃபாக்டரிக்குப் போன காலத்தில் எல்லாம் தண்ணீர் தானாகவா ஏறியது? மீன் நடுத்துண்டு வைத்தது, அவர் ஒன்பதாம் நாள் அந்தத் தூளை உதறினாரே, அதுக்காக. அவர் உதறியிருக்காவிட்டால் நான் அங்கேயே வாயில் போட்டிருப்பேன்.

எனக்கும் வாயில் ஏதாவது இருக்கா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வெளிச்சம் போதவில்லை. அதனால் நீ கட்டாயம் வா. என்னை விசாரிக்க வேண்டாம். வியாழக்கிழமை அவர் வாயைக் காட்டிவிட்டு எழுந்ததும் அதே நாற்காலியில் நான் உட்காரப் போறேன். அப்போது அவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேணும்.